அக்கரைக்கு ஆகும் செலவு

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்வரும் பயணிகள் கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. 2024 ஆகஸ்ட் 16 அன்று ஓடத் தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்துக்கோ கடற்கரையே கிடையாது. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் கடலோரத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. காரைக்குடியில் நின்று கடலைப் பார்க்க வேண்டுமானால் தொண்டிப் பக்கம் வண்டி ஏறித்தான் போக வேண்டும்.

ஆனால் செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடல் புதிதல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று ஊர் ஊராக நகரத்தார் வீட்டு ஆண்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் வட்டிக்கடை நடத்தப் போனார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பினார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய வீடுகளைப் பற்றியும், பர்மா தேக்குத் தூண்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த மனிதர்களும் அவர்களுடைய பெட்டி படுக்கையும் கடலைக் கடந்த வழியைப் போட்டவர்கள் யார், அதற்குச் செலவழித்தது யார் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இன்று இந்தியாவும் இலங்கையும் அதே வழியை மறுபடி திறக்கப் பணம் போடுகிற நேரத்தில் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். காரைக்குடியிலிருந்து சிவகங்கை போகும் தூரத்தைவிடக் குறைவு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் நீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக உறைந்து கிடந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இந்த இடம் தரை. இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தத் தரை முழுகியது. ஆனால் ஆழமாக முழுகவில்லை. பாக் நீரிணையின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்குள்தான். சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டு வரிசையில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை.

ரயிலுக்கு இது தண்ணீர், கப்பலுக்கு இது தரை. மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்கள் இன்றும் இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வருகின்றன. போதாக்குறைக்கு மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குக் காற்று வந்தால் அதே மணல் தெற்கே திரும்புகிறது. ஓதமும் இங்கே பலவீனம். ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையில் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வருவதில்லை. வேறு பல துறைமுகங்களில் ஓதமே முகத்துவாரத்தைக் கழுவிவிடும். இங்கே அந்த உதவி கிடைக்காது. யாராவது காசு கொடுத்து வாரிக் கொட்டினால்தான் உண்டு.

இப்படிப்பட்ட கடலில்தான் 1914-ல் ஒரு வழி திறந்தது. அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அது நீண்ட கடல் பயணம். புது வழியில் மதராஸில் ரயில் ஏறினால் மண்டபம் வரை தரை, பாம்பனில் பாலம், பிறகு தனுஷ்கோடி. ரயில் கப்பல்துறைக்கே போய் நிற்கும். அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் சில மணி நேரம். தலைமன்னார்த் துறையில் இலங்கை ரயில் தயாராக நிற்கும். அடுத்த இறக்கம் கொழும்புக் கோட்டை. முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட். கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர். மக்கள் வைத்த பெயர் ‘போட் மெயில்’. 1930-ல் புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்குப் பாதை திறந்த பிறகு இந்தக் கடவை செட்டிநாட்டின் வாசலுக்கே வந்துவிட்டது. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் அந்த ரயில் இன்றும் காரைக்குடியில் நிற்கிறது. அதை இன்னமும் போட் மெயில் என்றே சொல்லும் பெரியவர்கள் உண்டு.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், 145 கண்கள். நடுக்கண் மட்டும் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும், படகுகளும் சிறு கப்பல்களும் கடந்து போக. அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் வடிவமைப்பு அது. இரும்புப் பாலத்தின் பாதியைக் கையால் தூக்க முடியுமா என்றால், முடியும். தூக்கும் பகுதியின் பின்னால் அதற்குச் சமமான எடையைக் கட்டிவிட்டார்கள். அடிப்பகுதி பிறைவடிவில் வளைந்திருக்கும். அது தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி உருளும்போது முன்பக்கம் எழும், பின்பக்க எடை தாழும். இரண்டு எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் மனிதர்கள் வெல்ல வேண்டியது உராய்வையும் காற்றையும் மட்டுமே. நூறாண்டுக்கு மேலாக ஆட்கள் நெம்புகோலைச் சுழற்றியே அந்தக் கண்ணைத் திறந்து மூடினார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பாதை போட்டது சௌத் இந்தியன் ரயில்வே என்ற கம்பெனி. ஆனால் அந்தக் கம்பெனியின் வேர் அரசுப் பணத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ரயில் போட வந்த லண்டன் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டியை அரசு உறுதி செய்து கொடுத்தது. வருமானம் குறைந்தால் மீதியை இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டியது. இலங்கைப் பக்கத்தில் ஒளிவுமறைவே இல்லை, அது நேரடியாக அரசு ரயில்வே. வங்காள விரிகுடாவின் மறுபக்கத்துக்குப் போன கப்பல்களின் கதையும் இதுதான். ரங்கூன் வழித்தடத்தில் கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1856-ல் வேறொரு பெயரில் பிறந்ததே கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே அரசுத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தத்தை நம்பித்தான். பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் தபால் கூலி வரும். அந்த நிச்சயம் இருந்ததால்தான் கப்பல் குறித்த நாளில் கிளம்பியது. குறித்த நாளில் கிளம்பியதால்தான் செட்டியார்கள் அதை நம்பித் தொழில் வைத்தார்கள்.

மண்டபம் முகாமைக் கவனித்தால் இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம் இன்னும் தெளிவாகும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்து வைத்து, அம்மையும் காலராவும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றும் இடம் அது. முகாம் இருந்தது இந்திய மண்ணில். நடத்தியது இலங்கை அரசு. தன் எல்லைக்கு வெளியே, அடுத்த நாட்டுக் கரையில் ஓர் அரசு ஏன் செலவழித்தது? தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால்தான். கடவை யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் மறுகரையிலும் காசு போடுவார்கள். உலகத்தின் எந்த எல்லைக்குப் போனாலும் இந்த விதியைப் பார்க்கலாம். அன்று அந்தத் தேவை தோட்ட முதலாளிகளுடையது. முகாமில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட கூலி மக்களின் மானத்தைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. வட்டிக்கடைப் பணமும் தோட்ட உழைப்பும் ஒரே கடவை வழியாகத்தான் போயின என்பதைச் செட்டிநாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது.

1964-ல் கதை மாறியது. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவார்கள் என்று முடிவானது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கே போன பயணிகள் ரயில் கடலோடு போனது. பாலத்தின் 145 கண்களில் 126-ன் உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சர் கண் தப்பி நின்றது. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்று ரயில்வே கணித்தது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் கடலுக்குள் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து, 46 நாட்களில் ரயிலை ஓடவைத்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன்.

தனுஷ்கோடித் துறை மட்டும் திரும்பவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அந்த வழியாகவே தாயகம் என்று சொல்லப்பட்ட, தாங்கள் பார்த்திராத நாட்டுக்கு வந்து இறங்கின. மண்டபத்தில்தான் அவர்களுக்கு முதல் கஞ்சி. 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது. அதன்பின் அகதிகள் வந்தார்கள், மீனவர்களின் வள்ளங்களில். மண்டபம் முகாமில் இலங்கை அகதிகள் இன்றும் வாழ்கிறார்கள்.

இந்த இடத்தில் காரைக்குடிக்குத் திரும்ப வேண்டும். ஒரு கடவையைக் கட்டுவதற்கும் காப்பாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவியலாகப் புரிந்துவைத்திருக்கும் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் வாயில் ‘சிக்ரி’. மலேயாவில் ரப்பர், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம் என்று கடல் கடந்து தொழில் செய்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அக்கரைச் சீமையில் ஈட்டிய செல்வத்தில் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தவற்றுள் மிகப் பெரியது எதுவென்று கேட்டால், நான் எந்த மாளிகையையும் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

சிக்ரியில் ஒரே கூரையின் கீழ் பேட்டரியும் ஆராய்கிறார்கள், துருவும் ஆராய்கிறார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. டார்ச் லைட் பேட்டரிக்குள் ஒரு முனையில் உலோகம் கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது, இன்னொரு முனையில் வேறொரு பொருள் அவற்றை வாங்கிக்கொள்கிறது. நடுவே ஓடும் மின்சாரத்தில் விளக்கு எரிகிறது. ஈரம் படிந்த இரும்பிலும் அதுவே நடக்கிறது. உத்தரத்தின் ஒரு புள்ளியில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஈரத்தில் கரைகிறது. பக்கத்துப் புள்ளியில் காற்றின் ஆக்சிஜனும் தண்ணீரும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்பாகப் படிகிறது. ஒரு பாலத்தின் உடம்பு முழுக்க இப்படிக் கோடிக்கணக்கான நுண்ணிய பேட்டரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த மின்சாரத்தால் எந்த விளக்கும் எரியாது. பாலம்தான் கரையும்.

உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே இந்தப் பேட்டரிகள் வேகமாக ஓடும். அது முதல் வேலை. இரண்டாவது இன்னும் மோசம். இரும்பின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் புதைத்த கம்பியும் தப்புவதில்லை. புதுக் கான்கிரீட் நல்ல காரத்தன்மை கொண்டது, அந்தக் காரம் கம்பியைக் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் நுண்துளைகள் வழியே குளோரைடு ஊறி ஊறிக் கம்பியைத் தொட்டதும் காவல் முடிந்தது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளேயிருந்து அது விரியும்போது கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கடலோர ஊர்களில் வீட்டுக் கூரைச் சிமென்ட் பாளம் பாளமாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

துருவின் வேகம் இடத்துக்கு இடம் மாறும். அதை அளப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. எடை போட்ட இரும்புத் தகடுகளைச் சட்டத்தில் பொருத்தி வெயிலிலும் காற்றிலும் விட்டுவைப்பது, மாதங்களோ வருஷங்களோ கழித்துத் துருவைக் களைந்துவிட்டு மறுபடி எடை போடுவது. குறைந்த எடைதான் அந்த ஊரின் காற்று தின்ற இரும்பு. நாடு முழுவதும் இப்படி அளந்து சிக்ரி இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியது. மண்டபத்திலேயே அதற்கென்று ஒரு சோதனை நிலையம் வைத்தது. நாட்டிலேயே இரும்பை மிக வேகமாகத் தின்னும் இடங்களில் மண்டபம் ஒன்று.

காரணங்களை அந்த நிலமே சொல்லும். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வருஷத்தில் எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் அது உப்புத் துளியோடுதான் வரும். வெயில் அதிகம், ஈரப்பதம் அதிகம். மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மீதி மாதங்களில் படிந்த உப்பைக் கழுவிவிட ஆளில்லை. நூறாண்டுக்கு முன் ஒரு பாலத்துக்குப் பொறியாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த இடம் இது. வேறு இடமும் இல்லை.

பழைய பாலம் ஓயாத வண்ணப்பூச்சாலும், பழுதான உத்தரங்களை மாற்றிக்கொண்டே இருந்ததாலும்தான் 108 ஆண்டுகள் ரயிலைச் சுமந்தது. 2007-ல் அகலப் பாதைக்காக வலுப்படுத்தப்பட்டது. 2022 டிசம்பரில், இனி தாங்காது என்று ரயில் நிறுத்தப்பட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரம் பயணிகள் மண்டபத்தோடு இறங்கினார்கள். பக்கத்திலேயே எழும்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். அதன் தூக்குக் கண் 72.5 மீட்டர் நீளம். பிளந்து எழுவதற்குப் பதில், இருபுறமும் உள்ள கோபுரங்களுக்கு நடுவே மொத்தமாக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. இங்கேயும் எதிர் எடைதான் ரகசியம். கோபுரங்களுக்குள் எடை இறங்க இறங்கப் பாலம் ஏறும், மோட்டார் தூக்குவது சின்ன வித்தியாசத்தை மட்டுமே. கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு. உத்தரங்களுக்குப் பாலிசிலாக்சேன் என்ற நெடுநாள் பூச்சு.

அவ்வளவு செய்தும், திறப்பதற்கு முன்பே 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிமானத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. ரயில்வே அமைச்சகம் அதை ஆராயக் குழு அமைத்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எந்தப் பாலமும் முடிந்த வேலை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 550 கோடி என்பது கட்டுகிற செலவு. காப்பாற்றுகிற செலவு இனிமேல்தான் தொடங்குகிறது, ஒவ்வோர் ஆண்டும், பாலம் நிற்கும்வரை.

இப்போது இரண்டு கரையையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியப் பக்கம் தண்டவாளம் ராமேஸ்வரம் வரை வந்துவிட்டது. இலங்கைப் பக்கம் போரில் பெயர்த்தெடுக்கப்பட்ட வடக்குப் பாதைகளை இந்தியக் கடனுதவியில் இந்திய அரசு நிறுவனமான இர்கான் மீண்டும் போட்டது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார்த் துறைக்கு ரயில் திரும்பியது. ஆக, இருபுறமும் ரயில் கடலோரத்தில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு கப்பல்தான் இல்லை. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலை விரைவில் தொடங்கப் பாடுபடுவோம் என்று 2024 டிசம்பரில் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் சொல்லியிருக்கின்றன.

அதற்கு முன்னோட்டம்தான் நாகப்பட்டினத்துக் கப்பல். சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். நாகைத் துறைமுகத்தை மேம்படுத்த இந்திய வெளியுறவு அமைச்சகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கு 8 கோடி ரூபாய் கொடுத்தது. கடுவையாற்றின் முகத்துவாரத்தில் சேரும் மணலை வார வேண்டும், குடியேற்றச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் இடம் வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற அதிவேகக் கலம் முதல் பயணம் போனது. ஒரு வாரம் ஓடியது, வடகிழக்குப் பருவமழைக்காக நின்றது. அடுத்த ஆண்டு ‘சிவகங்கை’ வந்தது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கியது. கார்த்திகைக் கடலில் 150 பேர் போகிற சிறு கலத்தை ஓட்ட முடியாது. ஆழமில்லாத கடலில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும், சிறு கலத்தை அது குலுக்கியெடுக்கும். பெரிய கலம் கொண்டுவரலாம் என்றால் துறைமுக வாயில் அதற்கு ஆழம் போதாது. மறுபடி மணல், மறுபடி தூர்வாரல்.

பெரிய கப்பலையும் பார்த்தாயிற்று. 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ கிளம்பியது. ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும். தனியார் முதலீடு, அரசுகளின் வாழ்த்து. ஆறு மாதம் தாண்டவில்லை, நவம்பரில் நின்றுபோனது. ஆள் நிரம்பவில்லை. விட்டுப்போன ஒரு வழி திரும்பப் பழகக் காலம் பிடிக்கும். சரக்கும் பயணியும் அதை நம்பத் தொடங்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது அது தவறாமல் ஓட வேண்டும். அதுவரை வெற்று இருக்கைகளுக்கான எண்ணெய்க் காசை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. தனியார் கொடுக்க முடியாது. கொடுக்கவும் மாட்டார்.

இந்தப் பாடத்தை இந்திய அரசு கற்றுக்கொண்டிருப்பது தெரிகிறது. நாகை – காங்கேசன்துறைக் கப்பலின் செலவைத் தாங்க மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல், ஓராண்டுக்குத் தருவதாக 2024-ல் அறிவித்தது. இலங்கையும் தன் பங்குக்குப் புறப்பாட்டு வரியைக் குறைத்தது. இந்தியா தரும் உதவி இந்திய மதிப்பில் மாதம் ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். மாதத்தில் 20 நாள் கப்பல் போய்வருகிறது, ஒரு நடைக்கு 150 இருக்கை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6,000 இருக்கைகள். இருக்கைக்கு 1,200 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. இரு நாட்டுத் தமிழர்களும் உறவு கொண்டாட, யாழ்ப்பாணத்து மாணவர் தமிழ்நாட்டுக்கு வந்து படிக்க, நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிருந்தும் நாகூர்க் கந்தூரிக்கு அங்கிருந்தும் போய்வர, இது பெரிய தொகை அல்ல என்பது என் தீர்மானமான கருத்து.

காங்கேசன்துறையில் இந்தியா செய்வதைப் பார்த்தால் மண்டபம் முகாமின் பழைய விதி திசை மாறி நிற்பது தெரியும். அந்தத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6.15 கோடி டாலரைக் கடனாக அல்ல, மானியமாகவே தர முன்வந்தது. அன்று இலங்கை இந்தக் கரையில் செலவழித்தது, இன்று இந்தியா அந்தக் கரையில் செலவழிக்கிறது. கனடாவும் இப்படிச் செய்திருக்கிறது. வின்ட்சரையும் டெட்ராய்ட்டையும் இணைக்கும் கோர்டி ஹோவ் பாலத்தின் முழுச் செலவையும், அமெரிக்க மண்ணிலுள்ள சுங்க வளாகம் உட்பட, கனடாவே ஏற்றது. பல ஆண்டுச் சுங்கக் கட்டணத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைத்து 2000-ல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தில் இரு அரசுகளும் சரிபாதி. இரண்டும் சேர்ந்து கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தன, வண்டிகள் கட்டும் கட்டணம் கடனை அடைக்கிறது. வசதியும் நம்பிக்கையும் சமமாக இருக்கிற அண்டை நாடுகளுக்கு அது பொருந்தும். பொருளாதார நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் இலங்கையிடம் சரிபாதி கேட்பது நியாயமாகாது.

பணம் மட்டுமே கடவையைத் திறந்துவைக்காது என்பதற்கு மணிப்பூரின் மோரே இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களில் சிலர் அந்த எல்லையூரில் குடியேறிக் கோயிலும் சங்கமும் கட்டினார்கள். அவர்களுடைய வணிகத்தால் வளர்ந்த ஊர் அது. எல்லைக்கு அப்பால் மியான்மர் மண்ணில் 160 கிலோமீட்டர் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டு 2001-ல் திறந்தது. 2019 ஜனவரியில் மோரேயில் சுங்கம், குடியேற்றம் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் வந்தது. மியான்மரின் உள்நாட்டுப் போரும், 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த கலவரமும் அந்த வாசலை முடக்கிவிட்டன. பாக் நீரிணையில் இன்று அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. அமைதி இருக்கிறது, ரயில் இருக்கிறது, இரு கரையிலும் ஒரே மொழி பேசுகிற மக்கள் இருக்கிறார்கள். இந்த வாய்ப்பு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வருகிறது என்று தனுஷ்கோடியின் வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, கப்பலுக்கான உதவியை ஓராண்டு, ஈராண்டு என்று அளந்து கொடுக்காமல் பத்தாண்டுக்கு உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் மழைக்காலத்தையும் தாங்கும் கலத்தை வாங்க ஒரு நிறுவனம் துணியும். ராமேஸ்வரம் – தலைமன்னார் துறைகளுக்குத் திட்ட மதிப்பீடு போடும்போது, கட்டும் செலவோடு தூர்வாரலுக்கும் துருத் தடுப்புக்கும் ஆண்டுதோறும் தனித் தலைப்பில் நிதியை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். பாம்பனின் புதிய பாலத்திலும் வரப்போகும் இறங்குதுறைகளிலும் துருவை அளந்து, ஆண்டுக்கு ஒருமுறை அந்த அளவை மக்கள் பார்க்க வெளியிடும் பொறுப்பைக் காரைக்குடி சிக்ரியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆளும் அறிவும் அங்கே இருக்கின்றன, மண்டபத்துக் காற்றை நெடுங்காலமாக அறிந்த நிறுவனம் அது. மத்திய, மாநில அரசுகள் இதை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே செய்ய வேண்டும். நம் தொகுதி உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும்.